ஆடிக் காத்துல ப்ரைமர் அடிக்காதீங்க: குட்டி சயின்ஸ் ஃபிக்‌ஷன் படைக்கு வர்ற கோளாறும் அதுக்கு கைவைத்தியமும்

மேசை மேல வச்சு போர் விளையாடுத குட்டி பொம்மைப் படை இருக்கே, அதுல நான் பெயின்ட் பண்ணுதது பூரா 6 மி.மீ படைதான், ஆசைக்கு கொஞ்சம் 15 மி.மீ. 6 மி.மீன்னா ஒரு சிப்பாய் ஒரு பொன்னி அரிசி நீளந்தான் இருப்பான், அவன் முதுகுல ஒரு ஜெட் பேக், கையில ஒரு லேசர் துப்பாக்கி, அதுக்கு மேல ஒரு முகம் வேற. பாளையங்கோட்டைல மொட்டைமாடி ரூம்ல உக்காந்து எட்டு வருசமா இதத்தான் செய்யுதேன். இப்பம் நம்ம பக்கம் புதுசா கொஞ்சம் பேரு ஆரம்பிச்சிருக்காங்க, தென்காசில ரெண்டு பேரு, வள்ளியூர்ல ஒரு தம்பி, தூத்துக்குடில ஒரு அக்கா, வாரத்துக்கு நாலு போட்டோவாவது வந்துருது, "அண்ணாச்சி இது ஏன் இப்படி ஆயிட்டு"ன்னு. எல்லாருக்கும் சேத்து ஒரே இடத்துல எழுதி வச்சிருதேன், உங்க பொம்மைல என்ன தெரியுதோ அந்தத் தலைப்ப மட்டும் பாத்தாப் போதும்.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிருதேன். கோளாறு வந்த உடனே நம்ம கை சரியில்ல, வாங்குன பெயின்ட் சரியில்லன்னு போயிராதீங்க. அன்னைக்கு காத்து எப்படி அடிச்சுது, எந்தத் தண்ணில கலக்குனீங்க, இதுவரைக்கும் எத்தன கோட்டு ஏறியிருக்கு, இந்த மூணையும் கேளுங்க. நாம பாக்குத வீடியோ எல்லாம் குளிர் ஊர்க்காரங்க எடுத்தது. ஸ்ப்ரே டப்பாவ வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் வச்சு எடுன்னு சொல்லுவாங்க, அவங்க ஊருக்கு அது சரி. நம்ம சித்திரை வெயில்ல மாடில கிடந்த டப்பா ஏற்கனவே கொதிச்சுப் போயிருக்கும், 50 டிகிரிக்கு மேல சூடாக்காதன்னு அந்த டப்பாலயே போட்டிருக்கு, அத இன்னும் சூடாக்குனா வெடிக்கும்.

ப்ரைமர் அடிச்சதும் ரவை தூவுன மாதிரி சொரசொரன்னு இருக்கு

ப்ரைமர்னா கலரு பிடிச்சு நிக்கதுக்கு மொதல்ல அடிக்குத அடிக்கோட்டு. நமக்கு அதிகமா வர்ற கோளாறு இதுதான். ஆனி ஆடி மாசத்துல செங்கோட்டை கணவாய் வழியா காத்து அடிச்சு இறங்குது, குத்தாலத்துல சாரல், ஆனா பாளைக்கு வரும்போது அதுல ஈரம் இல்ல, வெறும் வறட்டுக் காத்துதான். அந்தக் காத்துல ஸ்ப்ரே அடிச்சா பெயின்ட் துளி பொம்மை மேல போய் உக்காருததுக்கு முன்னாடி நடுவழியிலயே காஞ்சு தூளாயிருது, அந்தத் தூளுதான் போய் ஒட்டுது. பங்குனி சித்திரை உச்சி வெயில்லயும் இதேதான் நடக்கும். நான் மொத மொதல்ல ஒரு டேங்க் படை, மொத்தம் 12 டேங்க், ஆடி மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு மாடில வச்சு அடிச்சேன், அத்தனையும் உப்புத்தாள் மாதிரி ஆயிட்டு, பெயின்ட்டுல தப்புன்னு நெனச்சு இன்னொரு டப்பா வாங்கி மறுநா அதே நேரத்துக்கு அதே இடத்துல அடிச்சேன், மறுபடியும் அப்படியே.

காலைல ஆறு ஆறரைக்கு அடிங்க, காத்து அடங்கியிருக்கும், வெக்கை இருக்காது. ஒரு பெரிய அட்டைப்பெட்டியப் படுக்க வச்சு அதுக்குள்ள பொம்மைய நிறுத்துங்க, மூணு பக்கமும் மறைப்பு கெடைக்கும். டப்பாவ ரெண்டு நிமிசம் நல்லா குலுக்கிட்டு, 15லருந்து 20 செ.மீ தூரத்துல பிடிச்சு, பொம்மைக்கு வெளியயே அழுத்த ஆரம்பிச்சு, மேல ஓட்டி, அந்தப் பக்கம் வெளிய போய் விடணும். காத்து இருக்கேன்னு 30 செ.மீ தள்ளி நின்னு அடிச்சா சொரசொரப்பு கூடத்தான் செய்யும். மாஸ்க் போட்டுக்கோங்க. அதுவும் முடியலன்னா ஸ்ப்ரேய விட்டுட்டு பிரஷ்ல தடவுத ப்ரைமர் வாங்கிக்கோங்க, ஆடி மாசம் பூரா நான் அதத்தான் தடவுதேன்.

ஏற்கனவே சொரசொரப்பாயிட்டா, லேசா இருந்துச்சுன்னா ஒரு நாள் நல்லா காய விட்டு பழைய டூத் பிரஷ்ஷால தேச்சு விடுங்க, மேல நிக்குத தூளு உதிர்ந்துரும். ரொம்ப மோசம்னா பெயின்ட்ட உரிச்சிட்டு திரும்ப அடிக்கதுதான் வழி. ஒயிட் மெட்டல், அதாவது தகரம் கலந்த உலோகத்துல வார்த்த பொம்மைய தின்னர்ல போடலாம், அதுக்கு ஒண்ணும் ஆகாது. பிளாஸ்டிக்க தின்னர்லயோ அசிட்டோன்லயோ போட்டுராதீங்க, கரைஞ்சு கூழாயிரும். பிளாஸ்டிக்குல அக்ரிலிக் பெயின்ட் இருந்தா டெட்டால்ல ராத்திரி ஊறப் போடுங்க, தண்ணி கலக்காத டெட்டால், காலைல டூத் பிரஷ்ஷால தேச்சா வந்துரும். இதுல ஒரு விசயம் முக்கியம். டெட்டால்லருந்து எடுத்து நேரா பைப்புத் தண்ணில காட்டுனீங்கன்னா கழண்ட பெயின்ட் பூரா பிசின் மாதிரி திரும்பி ஒட்டிக்கிடும், அந்தப் பிசின எடுக்கது பெரும்பாடு. அதனால தேய்க்கதும் டெட்டால்லயேதான், அலசுததும் மொதல்ல சுத்தமான டெட்டால்லதான், சோப்புத் தண்ணி அதுக்குப் பொறவுதான். கையுறை போட்டுக்கோங்க, தோல் எரியும்.

ப்ரைமர் தோல் மாதிரி உரிஞ்சு வருது

எண்ணெய்தான் காரணம். மெட்டல், ரெசின் பொம்மைய அச்சுலருந்து எடுக்க ஈசியா இருக்கணும்னு அச்சுக்கு ஒரு பவுடரோ எண்ணெயோ போடுவாங்க, அது பொம்மைல ஒட்டிட்டு வரும். அது போக நம்ம கை எண்ணெய் வேற. தலைக்கு தேங்கா எண்ணெ வச்ச கையி, அல்வா தின்ன கையில இருக்க நெய்யி, அதோட பொம்மையப் பிடிச்சா எந்த ப்ரைமரும் நிக்காது. பாத்திரம் கழுவுத லிக்விட் ரெண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணி, டூத் பிரஷ், தேச்சுக் கழுவி ராத்திரி பூரா காய வைங்க. கழுவுன பொறவு கையால தொடாதீங்க, ஒரு ஐஸ் குச்சில டபுள் டேப் ஒட்டி அதுல பத்துப் பத்துப் பேரா நிப்பாட்டிருங்க, பெயின்ட் முடியிற வரைக்கும் குச்சியத்தான் பிடிக்கணும்.

முகம், துப்பாக்கி எல்லாம் மொழுக்குன்னு ஆயிட்டு

இங்கதான் ஒரு கணக்கு போட்டுப் பாக்கணும். 6 மி.மீ படைங்கது நிஜ அளவுல சுமாரா 300ல ஒரு பங்கு. பொம்மை மேல பெயின்ட் 0.1 மி.மீ கனத்துக்கு ஏறியிருந்தா, அந்தச் சிப்பாய் அளவுக்கு அது 3 செ.மீ கனம். 3 செ.மீக்கு சிமென்ட் பூசுன மூஞ்சில கண்ணு மூக்கு எங்கன தெரியும்? 28 மி.மீ பெரிய பொம்மைக்கு சொல்லிக்குடுக்குத மாதிரி பேஸ் கோட்டு, லேயர், ஹைலைட்டு, எட்ஜ் ஹைலைட்டுன்னு அஞ்சாறு கோட்டு போட்டா 6 மி.மீ ஆளு பாக்க மெழுகு பொம்மைதான்.

நான் செய்யுதது இவ்வளவுதான். கருப்பு ப்ரைமர், அதுவும் மெலிசா ஒரே கோட்டு. காஞ்ச பொறவு வெள்ளைய டிரை பிரஷ்ல, அதாவது பெயின்ட்ட முக்காவாசி துடைச்சிட்ட காஞ்ச பிரஷ்ஷால, மேலருந்து கீழ, தலையும் தோளும் வெளுத்துப் போற வரைக்கும் தடவுவேன். அதுக்கு மேல கலரு, மோரு மாதிரி இருக்கணும், தயிரு மாதிரி இருக்கக் கூடாது, அடியில இருக்க வெள்ளையும் கருப்பும் லேசா தெரியணும். கடைசியா ஒரு வாஷ், அதாவது பள்ளத்துல போய் இறங்குத தண்ணியான கருங்கலரு. ஆளுக்கு நாலு கலருக்கு மேல போகாதீங்க, கவசம், துப்பாக்கி, தோல் இல்லன்னா ஹெல்மெட் கண்ணாடி, தரை, அவ்வளவுதான்.

ஏற்கனவே மொழுக்குன்னு ஆயிட்டுன்னா மேல இன்னும் ஒரு கோட்டு போட்டு சரி பண்ணலாம்னு பாக்காதீங்க, அது நடக்காது, உரிச்சிருங்க. ஊசி வச்சு சுரண்டிப் பாக்குதவங்களும் உண்டு, சுரண்டுனா பிளாஸ்டிக்கும் சேந்து போகும்.

கையில வச்சுப் பாத்தா அழகா இருக்கு, மேசைல வச்சா கருப்புப் புள்ளியா தெரியுது

வள்ளியூர் தம்பி அனுப்புன போட்டோ இது. அவன் பச்சைய நிஜ ராணுவப் பச்சையாவே அடிச்சிருந்தான், குத்தம் அவன் மேல இல்ல, பொம்மை சின்னதாக ஆக அதுல பட்டுத் தெறிக்குத வெளிச்சமும் கொறையும், அதனால நிஜக் கலரு இருட்டாத்தான் தெரியும். ரெண்டு படி வெளுப்பா போங்க. கரும்பச்சைக்குப் பதிலா வாழைக் குருத்துப் பச்சை, கருநீலத்துக்குப் பதிலா மயில் கழுத்து. துப்பாக்கிக்கு கருப்பு வைக்காதீங்க, நடுத்தர சாம்பல் போதும். தரைக்கும் ஆளுக்கும் ஒரே கலரு வந்துரக் கூடாது, செம்மண் தரைன்னா ஆளு வெளிர் நீலமோ வெள்ளையோ இருக்கட்டும். ஒவ்வொரு கலரு வைக்கும்போதும் கைய நீட்டிப் பிடிச்சுப் பாருங்க, கிட்ட வச்சுப் பாத்து முடிவு எடுக்காதீங்க, ஏன்னா விளையாடும்போது எல்லாரும் மூணு அடி தள்ளி நின்னுதான் பாப்பாங்க.

வாஷ் காஞ்சதும் வெள்ளை வெள்ளையா வட்டம் விழுது

ரெண்டு வேற வேற கோளாறு ஒரே மாதிரி தெரியும். வட்டத்தோட ஓரம் கருப்பா, நடுவுல வெளுப்பா இருந்தா அது வாஷ் தேங்குனது. சிந்துன காப்பி காயும்போது ஓரத்துல மட்டும் கறை அழுத்தமா நிக்குமே, அதே சங்கதிதான், ஓரம் சீக்கிரம் காயுது, நடுவுல இருக்க கலரு ஓரத்துக்கு ஓடிப் போய் நிக்குது. ஃபேன நிறுத்துங்க, வாஷ் போட்ட ஒரு நிமிசத்துக்குள்ள சுத்தமான ஈரப் பிரஷ்ஷால தேங்குனத உறிஞ்சி எடுங்க, தட்டையா இருக்க டேங்க் மேல்பாகத்துக்கு வாஷ முழுசா ஊத்தாம பள்ளத்துல மட்டும் தொட்டு வைங்க.

அப்படி இல்லாம சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி பூத்திருந்தா அது தண்ணி. நம்ம பக்கம் போர்வெல் தண்ணி எப்படின்னு பக்கெட்டப் பாத்தாலே தெரியும், ராதாபுரம் திசையன்விளை பக்கம்லாம் கேக்கவே வேண்டாம், குழாயில வெள்ளையா படிஞ்சு நிக்கும். அந்த உப்புதான் பொம்மைலயும் நிக்குது. தாமிரபரணித் தண்ணி வர்ற வீடுன்னா பரவாயில்ல. இல்லன்னா பேட்டரிக்கு ஊத்துத டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க, மெக்கானிக் கடைல கேட்டா ஆசிட்ட எடுத்துக் குடுத்துரப் போறாங்க, டிஸ்டில்டு வாட்டர்னு எழுதியிருக்கான்னு பாத்து வாங்குங்க. ஒரு பாட்டில் எனக்கு ஒரு வருசம் வருது. பூத்தது லேசா இருந்தா டிஸ்டில்டு வாட்டர்ல நனைச்ச பிரஷ்ஷால ரெண்டு தடவ துடைச்சா போயிரும்.

பெயின்ட் பேலட்டுலயே காஞ்சு போவுது

பேலட்னா கலரு கலக்குத தட்டு. அதுல ஈரம் நிக்குத வெட் பேலட் செஞ்சுக்கோங்க, காசு குடுத்து வாங்க வேண்டாம். மூடி இறுக்கமா இருக்க பிளாஸ்டிக் டப்பா, அடியில பாத்திரம் தேய்க்குத மெல்லிசு ஸ்பாஞ்சு நனைச்சுப் போட்டு, அது மேல கேக் கடைல போடுத பட்டர் பேப்பரு. பெயின்ட்ட பேப்பர் மேல வைங்க. சித்திரைல கூட ரெண்டு மணி நேரம் நிக்கும், மூடி வச்சா மறுநாளும் இருக்கும். மூணு நாளைக்கு ஒருக்க தண்ணி மாத்தலன்னா பூஞ்சை வந்து நாத்தம் அடிக்கும், ஒரு செம்புக் கம்பித் துண்ட ஸ்பாஞ்சுக்கு அடியில போட்டு வச்சா அது கொஞ்சம் கட்டுப்படும்.

மெடிக்கல்ல கிளிசரின் வாங்கி கலக்கலாமான்னு தூத்துக்குடி அக்கா கேட்டாங்க. பத்துச் சொட்டு பெயின்ட்டுக்கு ஒரு சொட்டு தண்ணி கலந்த கிளிசரின், அதுக்கு மேல வேண்டாம், கூடிட்டா பொம்மை ஐப்பசி வரைக்கும் பிசுபிசுன்னே இருக்கும்.

வார்னிஷ் அடிச்சதும் பொம்மை பூரா பனி படிஞ்ச மாதிரி வெளுத்துட்டு

மனசு ரொம்ப உடைஞ்சு போற கோளாறு இது, ஏன்னா எல்லா வேலையும் முடிஞ்ச பொறவுதான் இது வரும். ஐப்பசி கார்த்திகைல ஈரப்பதம் கூடுன நாள்ல பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடிச்சா, அதுல இருக்க கரைப்பான் வேகமா ஆவியாகும்போது மேற்பரப்ப குளிர வைக்குது, காத்துல இருக்க ஈரம் அங்க வந்து படியுது, வார்னிஷுக்குள்ளயே மாட்டிக்கிடுது. டப்பாவ சரியா குலுக்காம அடிச்சாலும் இப்படி ஆகும், பளபளப்பக் கொறைக்கதுக்கு போடுத தூளு அடியில தங்கி, கட்டி கட்டியா வந்து விழும்.

தூக்கிப் போட்டுராதீங்க. நல்ல வெயில் அடிக்குத காய்ஞ்ச நாளா பாத்து பளபளப்பான க்ளாஸ் வார்னிஷ் ஒரு ஈரமான கோட்டு குடுங்க, வெள்ளை பாதிக்கு மேல மறைஞ்சிரும், கீழ இருக்க கலரு திரும்ப தெரியும். ஒரு நாள் விட்டு மேட் வார்னிஷ பிரஷ்ல மெலிசா போடுங்க. என்கிட்ட ஒரு ரோபோ படை இப்படி வெளுத்து, க்ளாஸ் போட்ட பொறவு முக்காவாசி திரும்பி வந்துட்டு, மீதி கால்வாசி, இடுக்குல நின்ன வெள்ளைய தூசின்னு விட்டுட்டேன். கார்த்திகைல வார்னிஷ் அடிச்சே ஆகணும்னா பிரஷ்ல போடுத தண்ணி வார்னிஷ்தான் நல்லது.

சூப்பர் க்ளூ போட்ட இடத்துல வெள்ளைப் புகை மாதிரி படிஞ்சிருக்கு, ஒட்டவும் இல்ல

சூப்பர் க்ளூ காயதே ஈரத்தாலதான். க்ளூ கூடிட்டா அதுலருந்து வர்ற ஆவி பக்கத்துல படிஞ்சு வெள்ளையாகுது, மூடுன டப்பாக்குள்ள வச்சா இன்னும் மோசம். ஒரு ஊசிமுனை அளவு போதும், போட்டுட்டு காத்தோட்டமா வைங்க. ப்ரைமருக்கு முன்னாடின்னா அந்த வெள்ளை கவலையே இல்ல, ப்ரைமர் மறைச்சிரும்.

ஒட்டாததுக்கு காரணம் பெரும்பாலும் இடைவெளிதான். ரெண்டு பக்கமும் அரத்தால தேச்சு பொருந்துதான்னு க்ளூ இல்லாம வச்சுப் பாருங்க. கனமான மெட்டல் கால் நிக்கலன்னா கை ட்ரில்லு வச்சு 0.5 மி.மீ ஓட்டை போட்டு ஸ்டேப்ளர் பின்ன வெட்டிச் செருகுங்க. பிளாஸ்டிக்கோட பிளாஸ்டிக் ஒட்டுததுக்கு சூப்பர் க்ளூவே வேண்டாம், பிளாஸ்டிக் சிமென்ட்ங்க பசை போட்டா ரெண்டும் உருகி ஒண்ணா சேந்துரும், பொறவு பிடுங்குனா வேற இடத்துலதான் உடையும். திறந்த க்ளூ டியூப, ஷூ பெட்டில வருமே அந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட ஒரு மூடுன டப்பால போட்டு வைங்க, கார்த்திகைல கட்டியாகாம நிக்கும்.

ரெசின் பிரிண்ட்டு பிசுபிசுங்குது, இல்ல ஒரு மாசம் கழிச்சு வெடிக்குது

ரெசின் பிரிண்ட்டுன்னா, வெளிச்சம் பட்டு கட்டியாகுத திரவத்துல 3டி பிரிண்டர் செஞ்ச பொம்மை. பிசுபிசுப்புன்னா ஐபிஏல, அதாவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல, சரியா அலசல. ரெண்டு டப்பா வைங்க, மொதல்ல அழுக்கு ஐபிஏ, அப்புறம் சுத்தமான ஐபிஏ, முழுசா காஞ்ச பொறவுதான் வெயில்ல காட்டணும், ஈரத்தோட காட்டுனா வெள்ளை வெள்ளையா படியும். வெளிநாட்டுக்காரன் வெயில்ல அரை மணி நேரம் வைன்னா நமக்கு அஞ்சு நிமிசம் திருப்பித் திருப்பி வச்சாலே போதும், கூடிட்டா மஞ்சளாகி, அப்பளம் மாதிரி நொறுங்கும். நான் பத்து துப்பாக்கிக் குழாய இப்படி ஒடிச்ச பொறவுதான் இந்த நேரத்த கண்டுபிடிச்சேன்.

வெடிக்கதுன்னா உள்ள குழிவா இருக்க பிரிண்ட்டுக்குள்ள காயாத ரெசின் தேங்கி நிக்குது, அது நாளாக நாளாக அழுத்தி உடைச்சிரும். குழிவா பிரிண்ட் பண்ணுனா அடியில ரெண்டு ஓட்டை கண்டிப்பா விடணும், சிரிஞ்சு வச்சு உள்ளயும் ஐபிஏ பீச்சிக் கழுவணும். காயாத ரெசின வெறுங்கையால தொடாதீங்க, நைட்ரைல் கையுறை போடுங்க, கழுவுன ஐபிஏய வாறுகால்ல ஊத்தாதீங்க, வெயில்ல வச்சு ரெசின் கட்டியான பொறவு வடிகட்டி எடுங்க.

பீரங்கிக் குழாய் வளைஞ்சிட்டு, கட்டடம் சாஞ்சிட்டு

ரெசினோ மெல்லிசு பிளாஸ்டிக்கோன்னா வெந்நில பத்து செகண்டு முக்கி, நேராக்கி, அப்படியே குளிர்ந்த தண்ணில முக்குங்க, நின்னுரும். ஒயிட் மெட்டல விரலால மெதுவா ஒரே தடவைல நிமித்துங்க, முன்னும் பின்னும் ஆட்டுனா முறிஞ்சிரும்.

கட்டடம் பிஎல்ஏங்க பிளாஸ்டிக்குல 3டி பிரிண்ட் பண்ணதுன்னா, அது சுமாரா 60 டிகிரில இளக ஆரம்பிச்சிரும். ஜன்னல மூடி வெயில்ல நிறுத்துன கார்ல முன்பக்கம் வச்சா அந்தச் சூடு லேசா வந்துரும். திருச்செந்தூருக்குப் போற வழியில வண்டிய நிறுத்திட்டு சாப்பிடப் போன நண்பர் ஒருத்தர் திரும்பி வரதுக்குள்ள ஒரு விண்வெளி நிலையமே உக்காந்துட்டு. கார்ல கொண்டு போனா சீட்டுக்கு அடியில, துணி சுத்தி.

தெர்மாகோல் மலை மேல ஸ்ப்ரே பட்டதும் கரைஞ்சு ஓட்டை ஓட்டையா போயிட்டு

ஸ்ப்ரேல இருக்க கரைப்பான் தெர்மாகோல தின்னுரும், சூப்பர் க்ளூவும் அப்படித்தான். மொதல்ல வெள்ளைப் பசையும் கருப்பு அக்ரிலிக்கும் கொஞ்சம் தண்ணியும் கலந்து ஒரு இடம் விடாம பூசிருங்க, ரெண்டு கோட்டு, இடுக்கெல்லாம் போகணும். அது காஞ்ச பொறவு ஸ்ப்ரே அடிக்கலாம், நான் அதுக்குப் பொறவும் பிரஷ்தான் போடுதேன். கரைஞ்சு போனது குழியா இருந்தா அத எரிகல் விழுந்த பள்ளம்னு வச்சுக்கிடலாம், உண்மையிலயே நல்லா இருக்கும், சுத்தி கொஞ்சம் மண்ணு ஒட்டுங்க.

செவ்வாய் கிரகத் தரை செவக்கல, இல்ல ரெண்டு மாசத்துல வெள்ளை பூக்குது

இதுல எனக்கு ஆசை அதிகம், கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன். நம்ம ஊருக்காரங்க செவ்வாய் கிரகத்த கற்பனை பண்ணுததுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம், சாத்தான்குளம் குதிரைமொழி பக்கம் தேரிய, அதான் அந்தச் செம்மணல் மேட்ட, ஒரு சாயங்காலம் பாத்தாப் போதும், மணல் ஒவ்வொண்ணு மேலயும் இரும்புத் துரு படிஞ்சுதான் அந்தச் செவப்பு, செவ்வாய்க்கும் அதே இரும்புத் துருதான். ஆனா அங்க காப்புக்காடு இருக்கு, போய் அள்ளிட்டு வராதீங்க. செங்கல் சூளைல கிடக்க செங்கப்பொடி போதும், டீ வடிகட்டில சலிச்சு, துணில வடிகட்டினது தனி, மேல நின்னது தனி. 6 மி.மீ படைக்கு 1 மி.மீ கல்லுன்னா 30 செ.மீ பாறை, அதனால சலிக்காத மணல ஒட்டுனா உங்க சிப்பாய் பாறைக் காட்டுல நிக்கான்.

செவக்கலன்னா, பசை மேல தூவுன பொடி காஞ்ச பொறவு வெளிறித்தான் தெரியும். காவிக்கட்டிய தண்ணில கரைச்சு வாஷ் மாதிரி ஓட விட்டு, காஞ்சதும் வெளிர் ஆரஞ்சு டிரை பிரஷ் பண்ணுங்க, பள்ளத்துல ஆழமா, மேட்டுல வெளுப்பா, தேரி மேல காத்து வரி போடுமே அந்த மாதிரி வரும். வெள்ளை பூத்தா கடற்கரை மணல் கலந்திருக்கீங்க, உப்பு. நாலு தடவ நல்ல தண்ணில அலசிட்டு காய வச்சுதான் ஒட்டணும்.

குலசேகரன்பட்டினத்துல ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28ல அடிக்கல் நாட்டுனாங்கல்லா, அன்னைலருந்து என் மருமகன் ஏவுதளம் செய்யணும்னு நின்னான். இஸ்ரோவோட சின்ன ராக்கெட் எஸ்எஸ்எல்வி 34 மீட்டர் உயரம், 2 மீட்டர் குறுக்களவு. 300ல ஒரு பங்குக்கு போட்டா 11.3 செ.மீ உயரம், 6.7 மி.மீ கனம். நம்ம ஸ்கூல் பென்சில் கிட்டத்தட்ட அந்தக் கனந்தான், 11 செ.மீக்கு வெட்டுனா ராக்கெட் தயார், மூக்குக்கு எம்-சீல். மாத்திரை அட்டை குமிழு எரிபொருள் டாங்க், பிங் பாங் பந்து பாதி வெட்டுனா 12 மீட்டர் அகல டோம், பொட்டு அட்டைல இருக்க குட்டிப் பொட்டு கதவு மூடி, தென்னை ஈர்க்கு ஆன்டெனா. இதுல வர்ற ஒரே கோளாறு பொட்டு கழண்டு விழுறது, அதுல இருக்க பசைய நம்பாதீங்க, பின்னாடி ஒரு புள்ளி சூப்பர் க்ளூ.

போர்டு தோணி மாதிரி வளையுது, தண்ணி பட்டா மண்ணு உரியுது

படை நிக்க மண்ணு ஒட்டுத போர்டுல ஒரு பக்கம் மட்டும் பசை போட்டா காயும்போது அது இழுக்கும், அதான் வளையுது. அடிப்பக்கமும் பசைத் தண்ணி ஒரு கோட்டு தடவி, ரெண்டு பக்கமும் சேந்து காயட்டும், மேல கனமான புத்தகம். மவுண்ட் போர்ட விட 5 மி.மீ பலகை நல்லது.

உரியதுக்கு காரணம் சாதா வெள்ளைப் பசை காஞ்ச பொறவும் தண்ணில இளகும். 2023 டிசம்பர் 17, 18 மழை நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. என் மொத தேரி போர்டு கீழ் வீட்டுல இருந்துச்சு, ரெண்டு நாள் தண்ணில கிடந்துட்டு. மண்ணு பூரா ஏடு மாதிரி கழண்டு வந்துட்டு, ஆனா அடியில இருந்த எக்ஸ்பிஎஸ்ங்க கெட்டி போம் பலகை ஒண்ணும் ஆகல, கழுவிக் காய வச்சு அதுலதான் இப்பம் ஏவுதளம் நிக்குது. இப்பம் தண்ணி தாங்குத மரப்பசைதான் போடுதேன், முடிஞ்ச பொறவு மேல மேட் வார்னிஷும். மைதாப் பசை வேண்டவே வேண்டாம், எறும்பும் கரப்பானும் ஒரு வாரத்துல கண்டுபிடிச்சிரும்.

ஏர்பிரஷ் துப்புது

ஏர்பிரஷ்னா கம்ப்ரஸர் காத்துல பெயின்ட்ட பீச்சுத பேனா மாதிரி கருவி. ஐப்பசி கார்த்திகைன்னா கம்ப்ரஸர்ல தண்ணி சேந்திருக்கும், டிரெயின் பண்ணுங்க, டியூப்ல ஈரத்தப் பிடிக்குத மாய்ஸ்சர் டிராப் போடுங்க. ஆனி ஆடின்னா ஊசிமுனைல பெயின்ட் காஞ்சிருக்கும், ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்க ஈரப் பிரஷ்ஷால துடைங்க, பெயின்ட்ட இன்னும் மெலிசாக்கி பிரஷர 15, 20 பிஎஸ்ஐக்குள்ள வைங்க.

விளையாட எடுத்துட்டு போனா மூக்கு, துப்பாக்கி முனைலாம் பெயின்ட் உதிர்ந்து வருது

ஒண்ணோட ஒண்ணு இடிச்சுதான் உதிருது. ஹார்டுவேர் கடைல எம்10 வாஷர் வாங்குங்க, 20 மி.மீ அகலம், அதையே பேஸா வைங்க, 6 மி.மீ ஆளு அஞ்சு பேரு தாராளமா நிப்பாங்க, கீழ கனமும் வந்துரும். எஸ்எஸ் வாஷர் குடுத்தா வாங்காதீங்க, காந்தத்துல ஒட்டாது, சாதா இரும்பு வாஷர் கேளுங்க, துரு வராம இருக்க மொதல்ல ப்ரைமர். பெட்டி அடியில காந்தத் தாள் ஒட்டிருங்க, நான் மதினிகிட்ட கேட்டு வாங்குன பழைய முறுக்கு டப்பால ஒட்டியிருக்கேன், டவுன் பஸ்ல ஜங்ஷன் வரைக்கும் குலுங்கிப் போனாலும் ஒருத்தன் கூட சாயல. உதிர்ந்த முனைக்கு அந்தந்த இடத்துக் கலர்ல புள்ளி ஒண்ணு வச்சு, காஞ்சதும் மொதல்ல க்ளாஸ், மறுநா மேட், காலைல ஆறரைக்கு முன்னாடி.